ரிட்டர்ன் கீயை அழுத்தியும் ஏன் ஒன்றும் நடப்பதில்லை?

கேட்டவர் மூன்று சிக்கல் சொல்லியிருக்கிறார். ஐபோனில் லாகின் பக்கத்தில் ரிட்டர்னை அழுத்தினால் கீபோர்டு இறங்காமல் அப்படியே நிற்கிறது. ஆண்ட்ராய்டில் 'நெக்ஸ்ட்' என்று போட்டு வைத்தும் அடுத்த பெட்டிக்குப் போகாமல் புது வரி விழுகிறது. அதே ஆப்பின் சாட் பெட்டியில் சில சமயம் ஒரே செய்தி இரண்டு தடவை போகிறது. எல்லாவற்றையும் சேர்த்து, "என்டர் கீயின் கோடை எப்படிப் பிடிப்பது?" என்று முடித்திருக்கிறார். அந்தக் கடைசி வரியை ஓரமாக வைத்துவிடலாம்; சிக்கலில் பாதி அங்கிருந்துதான் கிளம்புகிறது. கீபோர்டின் மூலையில் இருக்கும் அந்த ரிட்டர்ன் (என்டர்) பட்டனில் விரல் பட்டதும் ஆப்புக்கு என்ன தகவல் வந்து சேர்கிறது, அதற்குப் பதில் சொல்ல வேண்டியது யார் என்பதுதான் தெரிய வேண்டிய விஷயம். மெத்தடு (ஒரு வேலையைச் செய்யும் கோடுத் துண்டு), பிராப்பர்ட்டி (ஒன்றின் அமைப்பு மதிப்பு) பெயர்களை ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். கோடு எடிட்டரில் முதல் சில எழுத்துகளைத் தட்டினாலே மீதியை அதுவே காட்டிவிடும்.

கம்ப்யூட்டரில் கீயை அழுத்தினால் ஒரு கீ ஈவென்ட் வரும், அதைப் பிடித்தால் போதும். போனில் திரையில் தெரியும் கீபோர்டு அப்படி வேலை செய்வதில்லை. ஆண்ட்ராய்டில் அது உங்கள் ஆப்பைப் போலவே இன்னொரு தனி ஆப். இன்புட் கனெக்ஷன் என்ற இணைப்பின் வழியாக "இந்த எழுத்துகளைப் பெட்டியில் சேர்" என்று சொல்லும். கீ ஈவென்ட் அனுப்பியே ஆக வேண்டிய கடமை அதற்கு இல்லை என்று ஆண்ட்ராய்டின் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. ஆகவே ஆன் கீ லிஸனர் (கீ ஈவென்ட் வந்தால் கூப்பிடப்படும் கோடு) போட்டு என்டருக்காகக் காத்திருக்கும் கோடு ஒரு போனில் ஓடும், இன்னொன்றில் ஓடாது. ரிட்டர்ன் கீயில் மூன்று தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன: பட்டன் மேல் என்ன எழுதியிருக்கிறது, அழுத்தியதும் ஆப்பில் எந்த மெத்தடு கூப்பிடப்படுகிறது, அதன்பின் என்ன நடக்கிறது. முதலாவதை மாற்றிவிட்டு மூன்றாவதும் தானாக நடக்கும் என்று எதிர்பார்ப்பதுதான் இங்கே பொதுவாக நடக்கும் தவறு.

முதலில் ஐபோன். ஐபோன் திரைகளைக் கட்ட ஆப்பிள் தரும் பழைய தொகுப்பான யூஐகிட்டில் ஒற்றை வரிப் பெட்டியான யூஐ டெக்ஸ்ட் ஃபீல்டுக்கு ரிட்டர்ன் கீ டைப் என்று ஒரு பிராப்பர்ட்டி உண்டு. நெக்ஸ்ட், கோ, சர்ச், செண்ட், டன் என்று எதை வைத்தாலும் மாறுவது பட்டனின் முகம் மட்டும்தான். 'டன்' என்று வைத்ததால் கீபோர்டு இறங்கிவிடாது. அழுத்தியதும் கூப்பிடப்படுவது டெலிகேட்டில், அதாவது பெட்டியின் சார்பில் பதில் சொல்ல நீங்கள் நியமித்த பொருளில், இருக்கும் டெக்ஸ்ட் ஃபீல்டு ஷுட் ரிட்டர்ன் என்ற மெத்தடு. அந்த மெத்தடை எழுதிவிட்டுப் பெட்டியின் டெலிகேட்டை செல்ஃப் என்று இணைக்க மறந்திருந்தால் எர்ரரும் வராது, எச்சரிக்கையும் வராது. ஒன்றும் நடக்காது, அவ்வளவுதான். உங்கள் முதல் சிக்கலுக்கு நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். ஸ்டோரிபோர்டில் (திரையை வரைந்து அமைக்கும் கோப்பு) இழுத்து இணைத்தாலும் சரி, வியூ டிட் லோடில் (திரை ஏறியதும் ஓடும் மெத்தடு) ஒரு வரி எழுதினாலும் சரி. இரண்டு பெட்டிக்கும் இணைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

அந்த மெத்தடுக்குள் எழுத வேண்டியது சின்ன விஷயம். வந்த பெட்டி பெயர்ப் பெட்டியானால், பாஸ்வேர்டுப் பெட்டியின் மேல் பிகம் ஃபர்ஸ்ட் ரெஸ்பாண்டரைக் கூப்பிடுங்கள்; தட்டும் எழுத்து இனி அங்கே விழும்படி ஃபோகஸை அதற்குக் கொடுப்பது இது. வந்தது பாஸ்வேர்டுப் பெட்டியானால், அதன் மேல் ரிசைன் ஃபர்ஸ்ட் ரெஸ்பாண்டரை (ஃபோகஸை விடுவது) கூப்பிட்டுவிட்டு லாகின் ஃபங்ஷனை அழையுங்கள். கடைசியில் ஃபால்ஸ் என்று திருப்பி அனுப்புங்கள். பலர் முதல் பெட்டியிலும் ரிசைன் செய்துவிட்டு அடுத்ததை எழுப்புகிறார்கள். அது தேவையில்லாத வேலை, கீபோர்டு ஒரு குலுங்கு குலுங்கவும் இடம் கொடுக்கும். அடுத்த பெட்டி ஃபோகஸ் வாங்கினாலே பழையது தானாக விட்டுவிடும்.

ட்ரூவா, ஃபால்ஸா என்பதில் நிறையப் பேருக்குக் குழப்பம். ட்ரூ என்றால் 'கீபோர்டை மூடு' என்று அர்த்தமில்லை, 'வழக்கமாக நடப்பது நடக்கட்டும்' என்றுதான் அர்த்தம். அந்த வழக்கத்தில் ஒரு பகுதி எடிட்டிங் டிட் எண்ட் ஆன் எக்ஸிட் என்ற ஈவென்ட். அதற்கு ஒரு ஆக்ஷனை இணைத்து வைத்தால், ஆக்ஷனுக்குள் ஒன்றுமே எழுதாவிட்டாலும் கீபோர்டு இறங்கிவிடும். பழைய ஸ்டோரிபோர்டு ஆப்களில் டெலிகேட்டே இல்லாமல் கீபோர்டு இறங்குவதைப் பார்த்தால் மர்மம் இதுதான். இரண்டு வழியையும் ஒரே பெட்டியில் கலந்து வைக்காதீர்கள். கலந்தால் அடுத்த பெட்டிக்குத் தாவ வேண்டிய இடத்தில் கீபோர்டு மூடிக்கொள்வது போன்ற வேடிக்கைகள் வரும்.

பெட்டிகள் ஏழெட்டு இருந்தால் டேக் எண் கொடுத்து, வியூ வித் டேக் மூலம் அடுத்ததைத் தேடுவது பழைய பழக்கம். எந்த வியூவுக்கும் (திரையில் இருக்கும் எந்தப் பகுதிக்கும்) சும்மா இருக்கும்போது டேக் 0. அதனால் 0-விலிருந்து எண் போட்டால் தேடலில் பெட்டிக்குப் பதிலாக வெளிவியூ கையில் வரும். 100-லிருந்து தொடங்குங்கள். அதைவிட, பெட்டிகளை வரிசைப்படி ஒரு அரேயில் கோடிலேயே எழுதிவைப்பது சுத்தம். ஸ்டோரிபோர்டின் அவுட்லெட் கலெக்ஷனை அதற்கு நம்ப வேண்டாம். அதில் வரிசைக்கு உத்தரவாதம் கிடையாது. இன்னும் ஒன்று: கீபோர்டு மேலே இருக்கும்போதே ரிட்டர்ன் கீ டைப்பை மாற்றினால் பட்டனின் முகம் மாறாது. மாற்றியபின் அந்தப் பெட்டியின் மேல் ரீலோட் இன்புட் வியூஸைக் கூப்பிட வேண்டும்.

காலிப் பெட்டியோடு யாரும் அனுப்பக் கூடாது என்றால் எனேபிள்ஸ் ரிட்டர்ன் கீ ஆட்டோமேட்டிக்கலி என்பதை ட்ரூ ஆக்கலாம். எழுத்து விழும்வரை பட்டன் மங்கிக் கிடக்கும். ஒரே ஒரு ஸ்பேஸ் தட்டினாலும் அதற்கு உயிர் வந்துவிடும் என்பதால் வெற்று இடைவெளியை நீக்கிப் பார்க்கும் சோதனை உங்கள் கோடில் தனியாக இருக்கத்தான் வேண்டும். ஓடிபி, போன் எண் போன்றவற்றுக்கு நம்பர் பேடு வைத்தால் ஐபோனில் ரிட்டர்ன் கீயே கிடையாது. அங்கே கீபோர்டின் மேல் ஒட்டி நிற்கும் இன்புட் அக்ஸஸரி வியூவில் ஒரு டூல்பாரை வைத்து, அதில் 'முடிந்தது' பட்டனைப் போட வேண்டும். ஐபேடில் அதே பெட்டிக்கு முழு அகலக் கீபோர்டு வந்து ரிட்டர்னும் தெரியும். எனவே டூல்பார் பட்டனும் ஷுட் ரிட்டர்னும் ஒரே ஃபங்ஷனைக் கூப்பிடும்படி வையுங்கள்.

பல வரி எழுதும் யூஐ டெக்ஸ்ட் வியூவில் ஷுட் ரிட்டர்ன் இல்லை. ஆப்பிள் கொடுக்கவே இல்லை, அங்கே ரிட்டர்ன் என்பது இன்னொரு எழுத்து மட்டுமே. அதைப் பிடிக்க வேண்டுமானால் ஷுட் சேஞ்ச் டெக்ஸ்ட் இன் என்ற டெலிகேட் மெத்தடில், புதிதாக வரும் டெக்ஸ்ட் சரியாக ஒரே ஒரு வரிமாற்றக் குறி, அதாவது பேக்ஸ்லாஷ் என், ஆக இருக்கிறதா என்று சமக்குறி போட்டுப் பாருங்கள். 'அதற்குள் வரிமாற்றம் இருக்கிறதா' என்று கன்டெய்ன்ஸால் சோதித்தால் வம்பு வரும்: யாராவது நான்கு வரி முகவரியை பேஸ்ட் செய்த நொடியில் அரைகுறைச் செய்தி போய்விடும்.

ஆப்பிளின் புதிய திரைத் தொகுப்பான ஸ்விஃப்ட்யூஐயில் ஐஓஎஸ் 15-லிருந்து இது எளிது. சப்மிட் லேபிள் பட்டனின் முகம், ஆன் சப்மிட் அழுத்தியதற்கான பதில், ஃபோகஸ் ஸ்டேட் அடுத்து எந்தப் பெட்டி என்பது. மேலே சொன்ன மூன்று விஷயத்துக்கும் மூன்று தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். இந்த அமைப்பு எனக்குப் பிடித்தது. ஆன் சப்மிட்டுக்குள் ஃபோகஸை மாற்றாவிட்டால் கீபோர்டு இறங்கும், மாற்றினால் அடுத்த பெட்டிக்குப் போகும். ஐஓஎஸ் 16-இல் வந்த, கீழ்நோக்கி வளரும் டெக்ஸ்ட் ஃபீல்டுதான் தொந்தரவு. ஆக்ஸிஸை வெர்டிகல் என்று வைத்தால் ரிட்டர்ன் புது வரி போடும், ஆன் சப்மிட் கூப்பிடப்படாது. ஆன் சேஞ்சில் புதிய மதிப்பின் கடைசி எழுத்து வரிமாற்றமா என்று பார்த்து, அதை வெட்டிவிட்டு அனுப்புவதுதான் நடைமுறையில் எல்லோரும் செய்வது. அழகான வழி இல்லை. நடுவரியில் கர்சர் நிற்கும்போது அழுத்தினால் அது பிடிபடாது என்பதும் தெரிந்தே இருக்கட்டும்.

இனி ஆண்ட்ராய்டு. 'நெக்ஸ்ட்' வைத்தும் புது வரி விழுகிறது என்றால், திரையை விவரிக்கும் எக்ஸ்எம்எல் கோப்பில் ஐஎம்ஈ ஆப்ஷன்ஸ் (மூலைப் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்பது) மட்டும் இருந்து இன்புட் டைப் (பெட்டியில் விழுவது எந்த வகை எழுத்து என்பது) விட்டுப்போயிருக்கும், இல்லையென்றால் டெக்ஸ்ட் மல்ட்டிலைன் என்று இருக்கும். இன்புட் டைப் சொல்லாத எடிட் டெக்ஸ்ட் என்ற எழுத்துப் பெட்டியைப் பல வரிப் பெட்டியாகத்தான் சிஸ்டம் எடுத்துக்கொள்ளும். பல வரி என்றால் 'என்டருக்கு ஆக்ஷன் வேண்டாம், புது வரியே போடு' என்ற கொடியை (ஃப்ளாக்) தானாகவே ஏற்றிவிடும். நீங்கள் எழுதிய ஆக்ஷன் நெக்ஸ்ட் அதன் கீழே அமுங்கிப்போகும். மேக்ஸ் லைன்ஸ் 1 என்று போட்டால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. அது உயரத்தைக் கட்டுப்படுத்துமே தவிரப் பெட்டியை ஒற்றை வரியாக்காது. பெயருக்கு டெக்ஸ்ட், மின்னஞ்சலுக்கு டெக்ஸ்ட் ஈமெயில் அட்ரஸ், பாஸ்வேர்டுக்கு டெக்ஸ்ட் பாஸ்வேர்டு என்று இன்புட் டைப்பைச் சொல்லிவிட்டால் நெக்ஸ்ட் வேலை செய்யும். ஃபோகஸை நகர்த்த ஒரு வரி கோடுகூட வேண்டாம்.

எந்தப் பெட்டிக்குப் போவது என்பதைத் திரையில் இருக்கும் வரிசையைப் பார்த்து சிஸ்டமே முடிவு செய்யும். அது தப்பாக இருந்தால் நெக்ஸ்ட் ஃபோகஸ் ஃபார்வர்டு என்ற அட்ரிபியூட்டில் அடுத்த பெட்டியின் ஐடியைக் கொடுங்கள். இதில் ஒரு பள்ளம் இருக்கிறது: சிஸ்டம் தேடிக் கண்டுபிடித்த வியூ ஃபோகஸை வாங்க மறுத்தால், "ஃபோகஸ் தேடலில் கிடைத்த வியூவால் ஃபோகஸ் வாங்க முடியவில்லை" என்ற பொருளில் ஒரு இல்லீகல் ஸ்டேட் எக்ஸெப்ஷன் எறிந்து ஆப்பே விழுந்துவிடும். நீங்களே எழுதிய கஸ்டம் வியூ நடுவில் இருந்தால் இதைச் சோதித்துப் பாருங்கள்.

அழுத்தியதும் உங்கள் வேலை ஏதாவது நடக்க வேண்டுமானால் செட் ஆன் எடிட்டர் ஆக்ஷன் லிஸனர்தான் இடம். அதற்கு மூன்று தகவல் வரும்: எந்தப் பெட்டி, ஆக்ஷன் ஐடி, ஒரு கீ ஈவென்ட். ட்ரூ திருப்பினால் 'நான் பார்த்துக்கொண்டேன்' என்று பொருள். அப்போது சிஸ்டம் கீபோர்டையும் மூடாது, ஃபோகஸையும் நகர்த்தாது. ஃபால்ஸ் திருப்பினால் டன்னுக்குக் கீபோர்டு மூடும், நெக்ஸ்ட்டுக்கு ஃபோகஸ் நகரும். 'லிஸனர் போட்டதிலிருந்து கீபோர்டு மூட மாட்டேன் என்கிறது' என்று புலம்புபவர்கள் திருப்பி அனுப்பும் மதிப்பை முதலில் பார்க்கலாம்.

இரண்டு தடவை போகும் செய்திக்கும் இந்த லிஸனர்தான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். திரைக் கீபோர்டில் செண்டை அழுத்தினால் ஆக்ஷன் ஐடி 4 என்று வரும், கீ ஈவென்ட் பொதுவாக 'நல்', அதாவது காலியாக, இருக்கும். ப்ளூடூத் கீபோர்டில் என்டரைத் தட்டினால் அதே லிஸனருக்கு ஆக்ஷன் ஐடி 0 வரும், கூடவே கீ ஈவென்ட்டும் வரும். அதுவும் கீ கீழே போகும்போது ஒரு தடவை, நீங்கள் ட்ரூ சொல்லியிருந்தால் மேலே எழும்போது இன்னொரு தடவை. பலர் எழுதும் கோடு, 'ஆக்ஷன் செண்ட்டா, அல்லது கீகோடு என்டரா, அப்படியானால் அனுப்பு' என்று மட்டும் பார்க்கும். இரண்டு அழைப்பும் அந்த வடிகட்டியில் தப்பிவிடுகின்றன. ஈவென்ட் காலியாக இருந்தால் ஆக்ஷன் ஐடியை மட்டும் பாருங்கள். ஈவென்ட் இருந்தால், அது ஆக்ஷன் டவுனாக இருக்கும்போது மட்டும் அனுப்புங்கள். ஆக்ஷன் அப் வரும்போது ஒன்றும் செய்யாமல் ட்ரூ திருப்புங்கள். அந்த இடத்தில் ஃபால்ஸ் திருப்பினால் ஒற்றை வரிப் பெட்டியில் ஃபோகஸ் கீழே இருக்கும் வியூவுக்கு ஓடிவிடும். இரட்டைச் செய்தி நின்று, அதற்குப் பதிலாகக் கர்சர் காணாமல் போகும் பக் வந்து சேரும். கீகோடு பார்க்கும்போது என்டர் 66, எண்பலகையின் என்டர் 160, இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இது மட்டும்தான் காரணம் என்று உங்கள் கோடைப் பார்க்காமல் சொல்ல முடியாது. ஆன் கீ லிஸனரும் எடிட்டர் ஆக்ஷன் லிஸனரும் ஒரே பெட்டியில் இருந்தாலும் இரட்டிக்கும். நெட்வொர்க் பதில் வந்தபிறகே பெட்டியைக் காலி செய்கிறீர்கள் என்றால், பொறுமையில்லாத விரல் இரண்டாம் முறை தட்டினாலும் இரட்டிக்கும். கடைசியில் சொன்னதற்கு மருந்து, டெக்ஸ்ட்டை ஒரு மாறியில் எடுத்து, பெட்டியை உடனே காலி செய்து, அதன்பிறகு அனுப்புவது. அனுப்புவது தோற்றால் டெக்ஸ்ட்டைத் திரும்பப் பெட்டியில் வைக்கவும் மறக்க வேண்டாம்.

சாட் பெட்டியில் எழுத்து மடங்கிப் பல வரியாகத் தெரிய வேண்டும், ஆனால் மூலைப் பட்டன் செண்டாக இருக்க வேண்டும் என்பது வழக்கமான ஆசை. மல்ட்டிலைன் போட்டால் செண்ட் போய்விடும், போடாவிட்டால் எழுத்து பக்கவாட்டில் ஓடும். வழி: எக்ஸ்எம்எல்லில் இன்புட் டைப்பை வெறும் டெக்ஸ்ட் என்றும் ஐஎம்ஈ ஆப்ஷன்ஸை ஆக்ஷன் செண்ட் என்றும் வையுங்கள். பிறகு கோடில் செட் ஹாரிசாண்டலி ஸ்க்ரோலிங்கை ஃபால்ஸ் ஆக்கி, மேக்ஸ் லைன்ஸை 5 அல்லது 6 ஆக்குங்கள். இந்த இரண்டும் இன்புட் டைப் அமைந்த பிறகு வர வேண்டும். முன்னால் எழுதினால் இன்புட் டைப் அவற்றைத் துடைத்துவிடும். இருந்தாலும், பத்தி பத்தியாக எழுதும் மக்கள் புழங்கும் ஆப் என்றால் ரிட்டர்னைப் புது வரிக்கே விட்டுவிட்டுத் திரையில் ஒரு அனுப்பு பட்டன் வைப்பதே மேல் என்பேன். வரி மாற்ற நினைத்துத் தட்டியது பாதிச் செய்தியாகப் போனால் வரும் எரிச்சல், இன்னொரு பட்டனைத் தொடும் சிரமத்தைவிடப் பெரிது.

ஆண்ட்ராய்டின் புதிய திரைத் தொகுப்பான காம்போஸில் கீபோர்டு ஆப்ஷன்ஸில் ஐஎம்ஈ ஆக்ஷனும் கீபோர்டு ஆக்ஷன்ஸில் பதிலும் எழுத வேண்டும். சிங்கிள் லைனை ட்ரூ ஆக்காவிட்டால் கீபோர்டு உங்கள் ஆக்ஷனைக் காட்டாமல் வெறும் ரிட்டர்னைக் காட்டக்கூடும். ஆன் டன்னுக்கு நீங்கள் லாம்டா (பெயரில்லாத சொந்த ஃபங்ஷன்) கொடுத்துவிட்டால் கீபோர்டை மூடும் வழக்கமான வேலை நின்றுபோகும். உள்ளே டிஃபால்ட் கீபோர்டு ஆக்ஷனையும் கூப்பிடுங்கள். இரண்டு வகைப் போனுக்கும் சேர்த்து ஆப் எழுதும் தொகுப்புகளில் ஒன்றான ஃப்ளட்டரில் டெக்ஸ்ட் இன்புட் ஆக்ஷனும் ஆன் சப்மிட்டெடும் இதே ஜோடி. ஆன் எடிட்டிங் கம்ப்ளீட்டை நீங்களே எழுதினால் ஃபோகஸை விடும் வேலையும் உங்கள் தலையில். அதே வகையில் இன்னொன்றான ரியாக்ட் நேட்டிவில் அடுத்த பெட்டிக்குப் போகும்போது கீபோர்டு இறங்கி ஏறினால் ப்ளர் ஆன் சப்மிட்டை ஃபால்ஸ் ஆக்குங்கள். புதிய பதிப்புகளில் அதே வேலைக்கு சப்மிட் பிஹேவியர் வந்திருக்கிறது.

இதையெல்லாம் சோதிக்கும் இடத்திலும் ஏமாற வழி உண்டு. ஆண்ட்ராய்டு எமுலேட்டரில் கம்ப்யூட்டர் கீபோர்டால் தட்டினால் அது ப்ளூடூத் கீபோர்டு போலத்தான் ஆப்புக்குத் தெரியும். கீகோடு பிடிக்கும் கோடு அங்கே அருமையாக ஓடிவிட்டு, கையில் இருக்கும் போனில் ஊமையாகிவிடும். ஐஓஎஸ் சிமுலேட்டரிலும் மேக் கீபோர்டு இணைந்திருந்தால் திரைக் கீபோர்டே எழாது, ரிட்டர்ன் பட்டனின் முகம் சரியா என்று பார்க்க முடியாது. கமாண்ட் கே அழுத்தினால் எழும். இரண்டு வகைக் கீபோர்டிலும் தனித்தனியாகத் தட்டிப் பாருங்கள்.

எழுத்து முடிவாகாத நிலை என்று ஒன்று இருக்கிறது. ஜப்பானிய, சீனக் கீபோர்டுகளில் என்டர் என்பது 'இந்தச் சொல்லையே வைத்துக்கொள்' என்பதற்கும் பயன்படும். கீகோடைப் பிடித்து அனுப்பும் ஆப்கள் அவர்கள் சொல்லைத் தேர்ந்தெடுக்கும் முன்பே அரைச் சொல்லை அனுப்பிவிடுகின்றன. ஐஓஎஸில் நீங்களே கீயைப் பிடிப்பதானால் மார்க்டு டெக்ஸ்ட் ரேஞ்ச் (இன்னும் முடிவாகாத எழுத்தின் பகுதி) 'நில்', அதாவது காலியாக, இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். தமிழில் தட்டுபவர்களுக்கு வரும் சிக்கல் கொஞ்சம் வேறு. ஆண்ட்ராய்டில் கடைசிச் சொல் அடிக்கோட்டோடு நிற்கும்போதே அது பெட்டிக்குள் வந்துவிட்டது, அதனால் லிஸனருக்குள் பெட்டியைப் படித்தால் முழுதாகக் கிடைக்கும். ஆனால் தேடல் பெட்டிகளில் 300 மில்லிசெகண்ட் காத்திருந்து மதிப்பை மாறியில் சேமிக்கும் பழக்கம் உண்டு. சட்டென்று சர்ச் அழுத்தினால் அந்த மாறியில் இருப்பது பழைய மதிப்பு. 'மதுரை' என்று தட்டியவருக்கு 'மது' என்று தேடிக் கொடுத்தால் ஆள் கடுப்பாகத்தான் செய்வார். அழுத்திய கணத்தில் பெட்டியிலிருந்தே படியுங்கள்.

மேலே ஐஓஎஸ் பற்றியும் லிஸனர் பற்றியும் சொன்னவை சிஸ்டத்தின் நடத்தை, நம்பி எழுதலாம். பட்டனின் முகம் மட்டும் ஆண்ட்ராய்டில் அப்படியல்ல. ஒரு கீபோர்டு அம்புக்குறி காட்டும், இன்னொன்று சொல்லாகக் காட்டும், நீங்கள் செட் ஐஎம்ஈ ஆக்ஷன் லேபிளில் எழுதிய சொந்தப் பெயரைப் பல கீபோர்டுகள் கண்டுகொள்வதே இல்லை. அதனால் லாகின் ஆனாலும் சாட் ஆனாலும் திரையில் ஒரு பட்டன் கட்டாயம் இருக்கட்டும். ரிட்டர்ன் அதற்குக் குறுக்குவழியாக மட்டும் இருக்கட்டும்.

சரிபார்த்தும் இரட்டைச் செய்தி நிற்கவில்லை என்றால், சாட் பெட்டியின் எக்ஸ்எம்எல் பகுதியையும் லிஸனரின் முழுக் கோடையும் போடுங்கள். லிஸனரின் முதல் வரியில் ஆக்ஷன் ஐடியையும் ஈவென்ட்டையும் லாக் செய்து, ஒரு தடவை அழுத்தும்போது என்ன வருகிறது என்பதையும் சேர்த்துப் போட்டால் காரணத்தை அதிலிருந்தே சொல்லிவிடலாம்.